சும்மா போவதன் வரலாறு

“எங்கே கிளம்பிட்டே?” என்ற கேள்விக்கு ஒரு பெண் சொல்லக்கூடிய பதில்கள் பல உண்டு. கடைக்கு, கோயிலுக்கு, டாக்டரிடம், பிள்ளையைக் கூப்பிட. எல்லாவற்றிலும் ஒரு வேலை இருக்கும். பெரும்பாலும் அது வேறு யாருக்காகவோ செய்யும் வேலையாக இருக்கும். “சும்மா” என்பது மட்டும் அந்தப் பட்டியலில் சேராது. ஆண் சொன்னால் பேச்சு அதோடு முடிந்துவிடும். பெண் சொன்னால் அங்கேதான் விசாரணை தொடங்கும்.

பெண் விடுதலையையும் மிதிவண்டியையும் சேர்த்துப் பேசுபவர்கள் சூசன் பி. ஆந்தனியை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. பெண்களின் விடுதலைக்கு உலகில் வேறெதையும்விட மிதிவண்டியே அதிகம் செய்திருக்கிறது என்ற கருத்தை அவர் 1896இல் நெல்லி பிளைக்கு அளித்த பேட்டியில் சொன்னார். அதை மறுக்க வேண்டியதில்லை. நான் கேட்க விரும்புவது அதைவிடச் சிறிய கேள்வி. அவசரம் இல்லாமல், காரணம் சொல்லாமல், ஆற்றங்கரை வழியே திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடி சைக்கிள் மிதித்துப் போவது ஒரு பெண்ணுக்கு எப்போது சாத்தியமாயிற்று? எந்தப் பெண்ணுக்கு?

இதற்குப் பிரான்சில் ஒரு பாதையை எடுத்துக்கொள்கிறேன். பாரிசுக்குத் தெற்கே ஃபோந்தேன்புளோவில் தொடங்கி, நெமூர், மொந்தார்ஜி வழியாக பிரியாரில் லுவார் ஆற்றைத் தொட்டு, கரையோரமாகவே கோன், புய்யி, நெவேர் என்று தெற்கே போகும் பாதை. 1885இல் எலிசபெத் ராபின்ஸ் பென்னல் இந்த வழியாகப் போனார். அமெரிக்காவில் 1855இல் பிறந்து லண்டனில் குடியேறியவர். கணவர் ஜோசப் பென்னல் ஓவியர். இருவர் அமர்ந்து மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில், லாரன்ஸ் ஸ்டெர்ன் என்ற பதினெட்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் தம் நூலில் சொன்ன வழியைப் பின்பற்றி இருவரும் கலேயிலிருந்து புறப்பட்டார்கள். பயணத்தைப் பற்றிய நூல் 1888இல் வந்தது. அதில் படங்கள் ஜோசப்புடையவை, எழுத்து எலிசபெத்துடையது. நூலில் கணவர் பெயர்தான் முதலில் இருக்கிறது.

இந்த வண்டியில் ஏறுவதற்கு முந்தைய ஆண்டு, 1884இல், எலிசபெத் ஒரு வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டிருந்தார். அது மேரி உல்ஸ்டன்கிராஃப்டின் வரலாறு. பெண்ணுரிமைக்கான முதல் பெரும் வாதங்களில் ஒன்றை 1792இல் எழுதிய அதே மேரிதான். அவதூறுகளுக்குக் கீழே புதைந்து கிடந்த அந்தப் பெயரைத் துடைத்து எடுத்த கைதான் அடுத்த ஆண்டு வண்டியின் கைப்பிடியைப் பிடித்தது. அந்த வரலாறுகளில் ஒரு தகவல் எனக்கு முக்கியம். உல்ஸ்டன்கிராஃப்ட் 1795இல் ஸ்வீடன், நார்வே, டென்மார்க் சுற்றினார். அழகான பயண நூல் ஒன்றும் எழுதினார். ஆனால் அவர் போனது தம்மைக் கைவிட்டுக்கொண்டிருந்த கில்பர்ட் இம்லேயின் வியாபாரச் சிக்கலைத் தீர்க்க. உடன் கைக்குழந்தையும் ஒரு பணிப்பெண்ணும். பெண்ணுரிமை பேசியவருக்கே ஊர் பார்க்க இன்னொருவரின் வேலை தேவைப்பட்டது.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு எலிசபெத்துக்கும் ஒரு சாக்கு தேவைப்பட்டது. ஸ்டெர்னின் வழித்தடம் ஒரு சாக்கு, எழுதித் தர வேண்டிய நூல் இன்னொன்று, கூடவே கணவர். ஆனாலும் மொந்தார்ஜியைத் தாண்டி எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டியதையும், லுவார் கரையில் வண்டி சுகமாக ஓடியதையும் அவர் எழுதும்போது அந்தச் சாக்குகள் பின்னுக்குப் போய்விடுகின்றன. உடல் களைத்ததையும் அந்தக் களைப்பு பிடித்திருந்ததையும் ஒரு பெண் வெளிப்படையாகச் சொல்கிறார். பிறகு அவர் இரு சக்கர வண்டிக்கு மாறி, ஆல்ப்ஸ் மலைக் கணவாய்களையும் ஏறிக் கடந்து 1898இல் அதற்கும் ஒரு நூல் எழுதினார்.

அவர் அப்படிப் போன நாட்டின் சட்டம் என்ன சொன்னது? பாரிஸ் காவல் துறை 1800 நவம்பரில் பிறப்பித்த ஆணைப்படி, ஒரு பெண் ஆணுடை அணிய வேண்டுமானால் காவல் தலைமையகத்துக்குப் போய் அனுமதி வாங்க வேண்டும். மருத்துவரின் சான்று இருந்தால்தான் அனுமதி. ஃபோந்தேன்புளோவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், செய்ன் ஆற்றங்கரையில் தொமெரி என்ற ஊர் இருக்கிறது. அங்கே வாழ்ந்த ஓவியர் ரோசா பொனேர் இந்த அனுமதிச் சீட்டை வைத்திருந்தார். மாட்டுச் சந்தைகளிலும் கசாப்புக் கூடங்களிலும் நின்று விலங்குகளை வரைந்தவர் அவர். பாவாடையோடு அங்கே நிற்க முடியாது. 1857இல் அவருக்குக் கொடுக்கப்பட்ட சீட்டு ஆறு மாதத்துக்கு மட்டும் செல்லும். நாடகம், நடனம், பொதுக் கூட்டம் எதிலும் அந்த உடையில் தோன்றக் கூடாது என்றும் அதில் எழுதியிருந்தது. 1865இல் பேரரசி யூஜெனி அவர் வீட்டுக்கே வந்து லெஜியோன் தொனேர் விருதை அளித்தார். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் ஓவியர் அவர். விருது நேரில் வந்தது; கால்சட்டைக்கான அனுமதி கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

1892இல் அரசு ஒரு சுற்றறிக்கை விட்டது. 1909இல் இன்னொன்று. பெண் கால்சட்டை அணியலாம், ஆனால் அவள் கையில் மிதிவண்டியின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருக்க வேண்டும் என்பது விதி. இதைப் படித்தபோது முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்த விதியின் உள்ளே இருக்கும் தர்க்கம் புரிந்தது. நம் வீடுகளில் நடக்கும் விசாரணையும் இதுதானே? கையில் பை இருந்தால் கடைக்குப் போகிறாள். குடம் இருந்தால் தண்ணீருக்குப் போகிறாள். வெறுங்கையோடு போகிறவளைத்தான் நிறுத்திக் கேட்க வேண்டும். அந்த 1800ஆம் ஆண்டின் ஆணை இனி செல்லாது என்று பிரான்ஸின் பெண்ணுரிமை அமைச்சர் முறைப்படி அறிவித்தது 2013இல்.

சைக்கிளில் போனவளின் கதை இது. அவள் பார்த்துக்கொண்டே போன தோட்டங்களுக்குள் வேறு பெண்கள் இருந்தார்கள். அவர்கள் எந்த அனுமதியும் கேட்கவில்லை. வேலையில் இருப்பவளை யாரும் நிறுத்துவதில்லை. தொமெரி சாப்பிடும் திராட்சைக்குப் பேர்போன ஊர். தோட்டமெங்கும் சுவர் எழுப்பி, வெயில் வாங்கிய சுவரில் கொடியைப் படரவிடுவார்கள். குலையில் காய்கள் நெருங்கி நசுங்காமல் இருக்க, சின்னக் கத்தரிக்கோலால் பிஞ்சுகளைப் பொறுக்கி வெட்டி எடுப்பது பெண்களின் வேலை. அறுத்த குலைகளைக் காம்போடு தண்ணீர்ப் புட்டிகளில் செருகி இருட்டறையில் வைத்தால், வசந்தகாலம் வரை வாடாது. பாரிஸ் பணக்காரர்களின் மேசைக்கு அது பனிக்காலத்தில் போய்ச் சேரும்.

லுவார் கரையின் ஒயின் தோட்டங்களில் வேலைப் பிரிவு இன்னும் தெளிவானது. குளிர்காலத்தில் கொடியைக் கவாத்து செய்வது ஆண், அது ‘கைத்திறன்’. பின்னாலேயே குனிந்து வந்து வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டுவது பெண், அது ‘உதவி’. வசந்தத்தில் தளிர்களைக் கம்போடு சேர்த்துக் கட்டுவதும் பெண். அறுவடையில் குலையை வெட்டுபவர்களில் பெண்கள் அதிகம். நிரம்பிய கூடையை முதுகில் சுமந்து வண்டிக்குக் கொண்டுபோவது ஆண். சுமக்கிறவனுக்குக் கூலி அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரான்சின் விவசாயத்தில் பெண் கூலி ஆண் கூலியில் ஏறக்குறையப் பாதியாக இருந்தது. நாற்று நடும் பெண்ணுக்கும் வரப்பு வெட்டும் ஆணுக்கும் நம்மூரில் கொடுத்த கூலியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கணக்கில் சேர்க்கப்படாத இன்னொருத்தி தோட்டக்காரரின் மனைவி. 1804ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அவளைக் கணவனுக்குக் கீழ்ப்படியச் சொன்னது. தன் கூலியைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1907இல் வந்தது. 1914 ஆகஸ்டில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும், அறுவடையை முடித்துக் கொடுங்கள் என்று பிரதமர் விவியானி கிராமத்துப் பெண்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். முடித்துக் கொடுத்தார்கள். போருக்குப் பிறகு, 1922இல், மேலவை அவர்களுக்கு வாக்குரிமை தர மறுத்தது. அது கிடைத்தது 1944இல். கணவனின் அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகவும் வங்கிக் கணக்குத் தொடங்கவும் 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தோட்டத்தில் கணவனோடு சமமாக உழைத்தவள் ஆவணங்களில் ‘தொழில் இல்லை’ என்று எழுதப்பட்டாள். 1985இல் வந்த புதிய பண்ணை நிறுவன வடிவமும், 1999இல் வந்த சட்டமும்தான் அவளுக்குப் பங்குதாரர் என்றும் உடன் உழைப்பவர் என்றும் சட்டப்படி ஓர் இடம் தந்தன.

ஓய்வுக்கும் சட்டம் வந்தது. 1936 ஜூன் 20இல் தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. அந்தக் கோடையின் புகைப்படங்களில் இருவர் மிதிக்கும் சைக்கிளில் கணவனும் மனைவியும் கிராமப்புறச் சாலைகளில் போகிறார்கள். ஆலைப் பெண்கள் பலர் முதன்முதலாக ஊரை விட்டு இன்பத்துக்காக வெளியே போனது அப்போதுதான். நான் அந்தப் படங்களை ரசிக்கிறேன். கூடவே, கூடாரம் அடித்த இடத்தில் அடுப்பைப் பற்றவைத்தது யார் என்றும் பார்க்கிறேன். விடுப்பு ஆலையிலிருந்துதான் கிடைத்தது, அடுப்பிலிருந்து இல்லை.

இந்தப் பாதையில் நானும் ஒரு தோழியும் ஒரு செப்டம்பரில் நான்கு நாள் சைக்கிளில் போனோம். இன்று அது மிதிவண்டிக்காகவே ஒழுங்குபடுத்தப்பட்ட தடம்: கால்வாய்க் கரை, லுவாரின் மணல் திட்டுகள், பிரியாரில் ஆற்றுக்கு மேலே ஓடும் கால்வாய்ப் பாலம், பிறகு சான்சேர் குன்றின் சரிவெங்கும் திராட்சை. ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர். யாரும் எங்களை எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி வராத நாள் எவ்வளவு லேசாக இருக்கிறது என்பதை உடம்பு உடனே கண்டுகொண்டது.

சான்சேருக்குக் கீழே ஒரு வரிசையில் பெண்கள் குலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தரி, பக்கெட், முட்டி வரை குனிந்த முதுகு. பல தோட்டங்களில் இப்போது இயந்திரம் அறுக்கிறது. கையால் அறுக்கும் இடங்களுக்குக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வடக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும்கூடப் பருவகாலக் கூலிகள் வருகிறார்கள். ஒருத்தி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். நாங்கள் கையசைத்தோம். அவளும் அசைத்தாள். சுற்றுலாக் கையேடுகள் ‘அழகிய காட்சி’ என்று சொல்லும் காட்சிக்குள் அவளும் இருந்தாள். எங்கள் ஓய்வுக்கு விலை போட்டால் அதில் ஒரு பகுதி அவள் முதுகிலிருந்து வருகிறது.

அதற்காக ஓய்வைக் குற்றமாக்க நான் தயாராக இல்லை. பெண்ணின் ஓய்வைக் குற்றமாக்க ஏற்கெனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். வெட்டுபவளுக்கும் ஒரு மாலை வேண்டும் என்பதுதான் இந்த வரலாறு எனக்குச் சொல்வது. கூலியைப் போலவே பொழுதும் பங்கிட வேண்டிய சொத்து.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரி. 1991, 92இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கல் குவாரிப் பெண்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என ஆயிரமாயிரம் பேர் கற்றார்கள். அதைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பயனைப் பற்றிய பேச்சு நிறைய உண்டு: தண்ணீர் கொண்டுவர முடிந்தது, விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுபோக முடிந்தது, பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் உண்மை, எல்லாம் பெரிய விஷயம். ஆனால் சைக்கிளுக்கும் ஒரு குடம், ஒரு மூட்டை என்று சான்று காட்ட வேண்டியிருந்தது.

அன்று கற்றவர்களுக்கு இன்று ஐம்பது, அறுபது வயதாகியிருக்கும். வாய்மொழி வரலாறு சேகரிக்கப் போகும் இளம் பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்று அவர்களிடம் கேளுங்கள். அந்த மிச்ச நேரத்தில், எந்த வேலையும் இல்லாத ஒரு சாயங்காலத்தில், வண்டியை எடுத்துக்கொண்டு எங்கே போனீர்கள் என்றும் கேளுங்கள்.