கணினியில் தேயும் அலை

2004 டிசம்பர் 26 காலை சுமாத்ராவுக்கு அருகே கடலடி நிலம் உடைந்தது. ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் அலை எங்கள் கிழக்குக் கரையை அடைந்தது. ஷெல் வரும் சத்தம் தெரிந்த சனத்துக்குக் கடல் வருவதை அறிய வழி இருக்கவில்லை. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை முறை அதன்பின்தான் வந்தது. அதற்குப் பின்னால் கணினிக் கணிப்புகள் இருக்கின்றன. ஊடகம் படித்த எனக்குக் கணிதம் தூரம்தான். ஆனாலும் ஒரு கேள்வி விடவில்லை: திரையில் ஓடும் அலை தன் பலத்தைக் கரைவரை கொண்டுவருகிறதா?

கணினி கடலைக் கட்டங்களாகவும் நேரத்தைச் சிறு அடிகளாகவும் வெட்டி, ஒவ்வோர் அடியிலும் நீர்மட்டத்தையும் வேகத்தையும் புதிதாகக் கணிக்கிறது. ஓரடியில் சக்தியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தவறுகிறது என்று வையுங்கள். பத்தாயிரம் அடிகளின் பின் நூற்றுக்கு 37 பங்குதான் மிஞ்சும். அலையின் உயரம் ஏறக்குறைய சக்தியின் வர்க்கமூலத்தோடு மாறுவது. ஆகவே 5 மீற்றர் காட்டவேண்டிய அலை 3 மீற்றராகத் தெரியும். கூரையில் ஏறினால் போதும் என்று நினைக்கவைக்கும் 3 மீற்றர்.

பெரிய அலைகளின் சமன்பாடுகள் நேரியல் அல்லாதவை. அலை இரட்டித்தால் விசையும் இரட்டிப்பதில்லை. அடியின் தொடக்கத்தில் இருந்த விசையையே அடி முழுவதற்கும் வைத்துக் கணித்தால், விசை செய்த வேலையும் சக்தியின் மாற்றமும் பொருந்தாது. கிளைன்-கோர்டன் என்ற அலைச் சமன்பாட்டின் நேரியல் அல்லாத வடிவத்துக்கு 1978இல் ஸ்ட்ராஸ், வாஸ்கெஸ் என்ற இருவர் ஒரு வழி சொன்னார்கள். முந்திய அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே அழுத்தசக்தி எவ்வளவு மாறியது என்று பார்த்து, அதை இடப்பெயர்ச்சியால் வகுத்து, அதையே விசையாக எடுப்பது. அப்போது கடைக் கொப்பிபோல வரவும் செலவும் சதம் பிசகாது. விலை ஒன்று உண்டு: ஒவ்வொரு புள்ளியிலும், ஒவ்வோர் அடியிலும் தனியாக ஒரு சமன்பாட்டைத் தீர்க்கவேண்டும். சுனாமிக் கணிப்பில் பயன்படும் ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகளுக்கு, 1975இலேயே சதூர்னி வளிமண்டல ஆய்வுக்காகச் சக்தி காக்கும் முறையொன்றைக் கொடுத்திருந்தார்.

சக்தி சரியென்றால் எல்லாம் சரியென்று நம்பவும் கூடாது. முழுச் சக்தியோடும் அலை பிழையான நேரத்தில் கரைக்கு வரலாம். கரையில் உடையும் அலையோ நுரையிலும் சுழலிலும் உராய்விலும் உண்மையாகவே சக்தியை இழக்கிறது. அங்கேயும் பிடிவாதமாகக் காத்தால் கணிப்புப் பொய்யாகும். கரையோர ஆபத்து வரைபடம் ஒன்றைக் காட்டினால் இப்போது நான் முதலில் கேட்பது இதைத்தான்: அலை நடுக்கடலைக் கடக்கும்போது உங்கள் கணினி எவ்வளவு சக்தியைத் தொலைத்தது?