ஆலைக் குழாய்களின் அழுத்தத் தரம்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, வேதிப்பொருள் ஆலை ஆகியவற்றின் குழாய்த்தொடர் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் தாங்க அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமே அதன் அழுத்தத் தரம். குழாய் வடிவமைப்புக்கு அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தின் (ஆஸ்மி) பி31.3 விதித்தொகுப்பும், ஃபிளாஞ்சுகளுக்கு (குழாய்களை இணைக்கும் விளிம்புத் தட்டுகளுக்கு) அதன் பி16.5 தரநிலையும் உலகெங்கும் பரவலாகப் பின்பற்றப்படுகின்றன.

கிளாஸ் எண்

பி16.5 தரநிலையில் 150, 300, 400, 600, 900, 1500, 2500 என ஏழு கிளாஸ்கள் (அழுத்தத் தர வகுப்புகள்) உள்ளன. இந்த எண்ணை அழுத்த அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சூடேற எஃகின் வலிமை குறைவதால் தாங்கும் அழுத்தமும் இறங்கும். ஏ105 கார்பன் எஃகு ஃபிளாஞ்சின் அளவுகள் (பார்):

38° செ: கிளாஸ் 150 – 19.6, கிளாஸ் 300 – 51.1
200° செ: கிளாஸ் 150 – 13.8, கிளாஸ் 300 – 43.8
400° செ: கிளாஸ் 150 – 6.5, கிளாஸ் 300 – 34.7

ஆகவே 15 பார் குளிர்நீருக்குக் கிளாஸ் 150 போதும். அதே 15 பார் நிறைநிலை நீராவி ஏறத்தாழ 200° செ வெப்பத்தில் இருப்பதால், அதற்குக் கிளாஸ் 300 வேண்டும்.

தேர்வு முறை

முதலில் வடிவமைப்பு அழுத்தமும் வெப்பநிலையும் தீர்மானிக்கப்படுகின்றன. அன்றாட இயக்க அளவு இதற்குப் போதாது. வெளியேற்ற வால்வு மூடியிருக்கும்போது பம்பு தரும் அழுத்தம், பாதுகாப்பு வால்வு திறக்கும் அழுத்தம், இரு வால்வுகளுக்கிடையே சிக்கிய திரவம் சூடாகி விரிவது ஆகியவற்றையும் கருத வேண்டும். ஒரே நேரத்தில் நேரக்கூடிய அழுத்த, வெப்பச் சேர்க்கைகளில் மிகக் கடுமையானதே அடிப்படை.

அடுத்தது பொருள். கார்பன் எஃகு 425° செ-க்கு மேல் நெடுங்காலம் இருந்தால் அதிலுள்ள கார்பைடு கிராஃபைட்டாக மாறக்கூடும். அங்கே கலப்பு எஃகு தேவைப்படும். குழாய்ச் சுவரின் தடிமன் தனியாகக் கணக்கிடப்படுகிறது. அதனுடன் அரிப்புக்கான கூடுதல் தடிமனும், தையலில்லாக் குழாயின் தயாரிப்பில் அனுமதிக்கப்படும் 12.5% குறைவும் சேர்க்கப்பட்ட பிறகே சுவர்த் தடிமனைக் குறிக்கும் ஷெட்யூல் எண் தேர்வாகிறது.

குழாய், ஃபிளாஞ்ச், கேஸ்கெட், வால்வு இருக்கை ஆகியவற்றுள் எது குறைவாகத் தாங்குமோ அதுவே முழுத் தொடரின் வரம்பு. கிளாஸ் 300 தொடர் கிளாஸ் 150 தொடருடன் சேரும் எல்லையில் நிற்கும் வால்வு உயர்ந்த கிளாஸைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

சோதனை

நீரழுத்தச் சோதனை பொதுவாக வடிவமைப்பு அழுத்தத்தைப் போல் குறைந்தது 1.5 மடங்கில் நடத்தப்படுகிறது; வடிவமைப்பு வெப்பநிலை உயர்வாக இருந்தால் அதற்கேற்ப இந்த அளவு கூட்டப்படும்.

இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ ஆலையில் 1974 ஜூன் 1 அன்று தற்காலிக மாற்றுக் குழாய் ஒன்று முறிந்து, சைக்ளோஹெக்சேன் கசிந்து வெடித்ததில் 28 பேர் உயிரிழந்தனர். பட்டறைத் தரையில் சாக்கட்டியால் வரைந்ததைத் தவிர அந்தக் குழாய்க்கு வரைபடம் இல்லை. பாதுகாப்பு வால்வு சதுர சென்டிமீட்டருக்கு 11 கிலோவில் திறக்கும்படி அமைந்திருக்க, குழாயோ 9 கிலோவரை மட்டுமே சோதிக்கப்பட்டது. வளைந்திருந்த அக்குழாயின் இருமுனைகளிலும் இருந்த பெல்லோஸ் எனும் மடிப்புள்ள நெகிழ் இணைப்புகள்மீது அழுத்தம் உண்டாக்கிய விசையும் கணக்கிடப்படவில்லை. தற்காலிகக் குழாயானாலும் நிரந்தரக் குழாய்க்குரிய கணக்கும் சோதனையும் அதற்கும் கட்டாயம்.