நகராட்சிக் கடன்பத்திரமும் ஏழைகள் குடியிருப்பும்: கோவை

உள்ளாட்சி அமைப்பு தன் வரி, கட்டண வருவாயை நம்பி வெளியிடும் கடன்பத்திரம், தமிழ்நாட்டில் பெரும்பாலும் சாலை, குடிநீர், வடிகாலுக்கே பயன்பட்டுள்ளது. மதுரை மாநகராட்சி 2001-இல் உள்வட்டச் சாலைக்காக வெளியிட்டது. 2002-03-இல் 13 உள்ளாட்சிகளுக்காகக் கூட்டுப் பத்திரம் மூலம் 30.41 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. குடிநீர் இணைப்புக்கு மாதாமாதம் கட்டணம் வரும். ஆனால் தினக்கூலிக் குடும்பம் வீட்டுக்காகச் செலுத்தும் பங்குத்தொகையை வைத்துப் பத்திர வட்டி கட்ட இயலாது. ஏழைகளுக்கான வீடு இந்த வழியில் எழாததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கோவையில் ஏழைகளுக்கு வீடு கட்டுவது 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறிய அமைப்பு. பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் கூட்டாண்மைக் குடியிருப்புகளில் ஒன்றிய அரசு வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய் தரும். மீதி மாநில மானியமும் பயனாளி பங்கும். மாநகராட்சியின் பெரிய ஆதரவு பணமாக இருக்க வேண்டியதில்லை. நகருக்குள் நிலம் ஒதுக்குவதே பேருதவி. ஆனால் நகருக்குள் இருந்த வாலாங்குளக் கரைக் குடும்பங்கள் பலவற்றுக்குக் கிடைத்தவை கீரணத்தம், மலுமிச்சம்பட்டி போன்ற புறநகர் அடுக்குமாடிகள். நகரின் உக்கடம் சந்தையில் விடியுமுன் மூட்டை தூக்குபவருக்கு அந்தப் புறநகரிலிருந்து வரும் முதல் பேருந்தே தாமதம். வீட்டின் விலையோடு இந்தத் தொலைவின் செலவையும் திட்ட மதிப்பீட்டில் சேர்த்தாக வேண்டும்.