பெட்டிக்குள் ஒரு பெட்டை

1897 ஜனவரி 5. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், ஆற்றங்கரைச் சிற்றூரான டார்டனெல்லைச் சேர்ந்த ஹென்றி சி. கிப்சனுக்கு அன்றைக்குத்தான் காப்புரிமை வந்தது. அவர் செய்திருந்தது கைக்கு அடக்கமான ஒரு நீளப் பெட்டி. மேலே மூடி. மூடியின் ஒரு முனையை ஒரே ஒரு திருகாணி பிடித்திருக்கும். மறுமுனை கைப்பிடியாக வெளியே நீளும். இந்த மூடியைத் தூக்கித் திறப்பதில்லை. பக்கவாட்டில் தேய்த்து இழுக்க வேண்டும். இழுத்தால், காட்டு வான்கோழிப் பெட்டை ஒன்று பக்கத்துப் புதரில் நின்று கூப்பிடுவதுபோல் இருக்கும்.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெடல்? காட்டு வான்கோழி வட அமெரிக்கக் காடுகளுக்கே உரிய பறவை. பார்வை அவ்வளவு கூர்மை. மனிதன் நெருங்கவே விடாது. வசந்த காலத்தில், இரவு மரத்தில் அடைந்த சேவல் விடியும்போது கொக்கரிக்கும். அந்தக் குரலைத் தேடிப் பெட்டைகள்தான் போகும். வேட்டைக்காரர் செய்வது நேர்மாறான காரியம். பெட்டை மாதிரி கூப்பிட்டு, சேவலைத் தன்னிடம் வரவைக்க வேண்டும். இயற்கையின் வழக்கத்தையே திருப்பிப் போடுகிற வேலை. ஒரு சுரம் பிசகினாலும் சேவல் வாயடைத்துப் போய்விடும்.

பெட்டிக்கு முன்னால் இருந்தது எலும்பு. வான்கோழியின் இறக்கை எலும்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, உதட்டில் வைத்துக் காற்றை உள்ளே இழுப்பார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகள் காலந்தொட்டு வந்த கலை இது. இந்தக் கலையில் பேர்போனவர் சார்லஸ் ஜோர்டன். 1909இல் சுடப்பட்டு இறந்தார். அவர் விட்டுப்போன குறிப்புகளை டபாஸ்கோ மிளகாய்ச் சாறு செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வர்ட் மெக்கில்ஹென்னி 1914இல் நூலாகக் கொண்டுவந்தார். ஆனால் எலும்பு எல்லோருக்கும் வசப்படாது. உதடும் மூச்சும் பழக ஆண்டுகள் பிடிக்கும். கிப்சனின் பெட்டி அந்தக் குரலை மூச்சிலிருந்து கைக்கு மாற்றியது. என் பார்வையில் அவருடைய பெரிய சாதனை அதுதான்.

வயலின் வாசிப்பவர்கள் வில்லுக்கு ரோசின் தடவுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம்தான் இங்கேயும். மூடியின் அடியில் சுண்ணக்கட்டி தடவினால், அது பெட்டியின் மெல்லிய பக்கச்சுவரைப் பிடித்துப் பிடித்து விடும். அந்த அதிர்வைப் பெட்டியின் வெற்றுவயிறு பெரிதாக்கும். மூடியின் அடிப்பாகம் தட்டையாக இருக்காது; லேசாகப் புடைத்திருக்கும். அதனால் மூடி நகர நகரத் தொடும் இடமும் நகர்ந்து, உச்சத்தில் கிளம்பிய குரல் சட்டென்று உடைந்து கீழே இறங்கும். பெட்டையின் அழைப்பு அப்படித்தான் இரண்டாக உடைகிறது. இரு சுவர்களையும் வெவ்வேறு கனத்தில் இழைத்தால், ஒரே பெட்டியில் கிழப்பெட்டை ஒரு பக்கமும் இளம்பெட்டை மறுபக்கமும் பேசும். கைவினைஞர் சுவரைக் கொஞ்சம் இழைப்பார், மூடியை வைத்து இழுத்துக் கேட்பார், மறுபடி இழைப்பார். ஒரு இழைப்பு கூடிப்போனால் குரல் கெட்டது கெட்டதுதான். சீவிய மரம் திரும்ப வராது. எண்ணெய்க் கையால் தொட்டாலும் போச்சு, சுவர் வழுக்கி ஊமையாகிவிடும்.

குரல் கைக்கு வந்த நேரத்தில் பறவை கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது என்பது வேதனையான விஷயம். காடுகளை அழித்தார்கள், சந்தையில் விற்கச் சுட்டுத் தள்ளினார்கள். கனெக்டிகட் மாநிலத்தில் 1813க்குள்ளும், மாசசூசெட்ஸில் 1851க்குள்ளும் காட்டு வான்கோழி அற்றுப்போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பூஞ்சை நோய், அது விரும்பித் தின்னும் கொட்டைகளைத் தரும் செஸ்ட்நட் மரங்களையும் கொன்றது.

இந்த இருண்ட காலத்திலும் பெட்டி செய்பவர்கள் ஓயவில்லை. அலபாமாவின் பர்மிங்காம் நகரில் எம்.எல். லிஞ்ச் 1940இல் தொழில் தொடங்கினார். தன் பெட்டிக்கு அவர் வைத்த பெயரின் பொருள், ‘எவர் கையிலும் தவறாதது’. தெற்கு கரோலினாவின் கிரீன்வுட்டில் நீல் காஸ்ட் போன வழி வேறு. படகுத் துடுப்பு மாதிரி நீண்ட மூடி வைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கையால் செய்தார். அவரை வயலின் செய்வதில் மேதையான ஸ்ட்ராடிவாரிக்கு இணையாகச் சொல்வார்கள். அது மிகைப் புகழ்ச்சி இல்லை. இருவருமே மெல்லிய பலகையில் குரலைத் தேடியவர்கள். காஸ்ட் செய்த பெட்டிகளைச் சேகரிப்பவர்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள்.

பறவையும் மீண்டது. 1937இல் வந்த சட்டம், துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்கு மீட்புக்குத் திருப்பியது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்ட கோழிகள் பிழைக்கவில்லை. 1950களில் வேறு வழி பிறந்தது. தீனி போட்டுக் காட்டுப் பறவைகளைக் கூட்டி, வெடிமருந்து விசையில் வலையைப் பாய்ச்சிப் பிடித்து, அவை அற்றுப்போன காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். 1973இல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு தொடங்கியபோது நாடு முழுக்க இருந்தவை சுமார் 13 லட்சம். பிறகு அந்த எண்ணிக்கை 60 லட்சத்தைத் தாண்டியது.

இன்று அமெரிக்கக் கடையில் போய் வான்கோழிப் பெட்டி கேட்டால் எடுத்துத் தருவதும் அதே அமைப்புதான்: ஒரு பெட்டி, ஒரு மூடி, ஒரு திருகாணி.