அச்சாறு

அச்சாறு என்பது இலங்கையில் தெருவோரங்களிலும் பேருந்து நிலையங்களிலும் திருவிழாக்களிலும் விற்கப்படும் காரமான காய், பழக் கலவை. 'ஆச்சார்' என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர்.

இது ஊறுகாய் அன்று. ஊறுகாய் மாதக்கணக்கில் இருக்கும், சோற்றுக்குத் துணை. அச்சாறு அன்றன்று கலந்து தனியே தின்பது. மாங்காய், அம்பரலங்காய், அன்னாசி ஆகியவற்றை வெட்டியும் வெரளிக்காயை நசுக்கியும் உப்பு, கட்டைத்தூள், மிளகு, சீனி, வினாகிரி சேர்த்துப் பிரட்டுவர். உப்பு காயின் நீரை வெளியே இழுக்கும், அதுவே சாறாகிறது. நேரம் செல்லக் காய் துவண்டுவிடும். எனவே போத்தலில் அடைபட்டுக் கடல் கடந்து வருவது வேறு பண்டம்.

பயணிகளுக்கான பிற தீனிகளும் இடத்தோடு ஒட்டியவை: கொழும்பு காலிமுகத் திடலில் இறால் வடை, கொழும்பு–கண்டி வீதியில் கஜுகமவில் கஜு, புகையிரதங்களில் தாளில் சுற்றிய கடலை வடையும் செத்தல் மிளகாயும்.

ஒஸ்லோவில் நிலக்கீழ் ரயில் முடியும் வெஸ்ட்லியில் வெரளிக்காய் மரம் இல்லை. ஆனால் நோர்வேச் சிறுவர்கள் கோடையில் ரபார்பராத் தண்டைச் சீனியில் தோய்த்துத் தின்பார்கள். புளிப்பும் நொறுநொறுப்பும் உள்ள அத்தண்டில் உப்பும் கட்டைத்தூளும் பிரட்டினால் அச்சாற்றுக்கு அருகில் வரும். இலை நஞ்சு, தண்டு மட்டுமே ஆகும்.