தோட்டம் போனது, பள்ளிக் கட்டடம் நிற்கிறது

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழைய தோட்டப் பள்ளியின் அமைப்பு நன்கு நினைவிருக்கும். கீழே பாதிச் சுவர், மேலே பலகை அல்லது கம்பி வலை, தகரக் கூரை. ஒரே கூடத்தில் இரண்டு மூன்று வகுப்புகள். ஓர் ஆசிரியரே எல்லாருக்கும் பாடம் சொன்ன காலமும் உண்டு. மாலையில் அதே கூடம் கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் பயன்பட்டது.

இப்பள்ளிகள் தோட்ட நிர்வாகங்கள் மனமுவந்து கொடுத்தவை அல்ல. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. அது ஐக்கிய மலாய் மாநிலங்களுக்கான சட்டம்; கெடா அதில் சேராத மாநிலம். ஆயினும் இங்குள்ள பெரிய ரப்பர் தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன.

நம் சமூகத்தார் பெரும்பாலும் பால்மரம் வெட்ட வந்தவர்கள் அல்லர். தோட்டத்து முனையில் மளிகைக் கடை வைத்தார்கள். சைக்கிளில் ஜவுளி மூட்டை கட்டி லயம் லயமாகச் சென்று கடனுக்கு விற்றார்கள். சம்பள நாளில் வசூலித்தார்கள். அவர்களின் பிள்ளைகள் காலையில் தொழிலாளர் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தமிழ் படித்தார்கள். மாலையில் குர்ஆன் ஓதப் போனார்கள். கடைக்கணக்கையும் ஊர்க் கடிதத்தையும் அந்தத் தமிழில்தான் எழுதினார்கள்.

1950களில் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற நிலம் சிறு துண்டுகளாகக் கைமாறியது. தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். இதைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அது வாங்கிய முதல் தோட்டம் நம் கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் என்பது நமக்குப் பெருமை.

பின்னர் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. குடும்பங்கள் பட்டணம் போயின, மாணவர் குறைந்தனர். 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று சுமார் 530. சில பள்ளிகள் தோட்டப் பெயரோடு பட்டணத்துக்கு இடம் மாறின. மற்றவற்றின் கட்டடங்களில் கொடி படர்ந்தது.

கட்டடம் விழுவதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பாட்டனார் எழுதிய கணக்கேட்டைப் பேரப்பிள்ளையால் படிக்க முடியவில்லை. வீட்டில் தமிழ் பேசுகிறோம். எழுத்துதான் கை நழுவுகிறது.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் பழைய வகுப்புப் படம், தேர்ச்சி அறிக்கை, பள்ளிச் சான்றிதழ் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். படத்தின் பின்புறம் தோட்டத்தின் பெயர், ஆண்டு, ஆசிரியர் பெயர் எழுதிவையுங்கள். தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். முடிந்தால் அதைத் தமிழிலேயே எழுதுங்கள். பிள்ளைகளை உட்காரவைத்து எழுதச் செய்யுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த தலைமுறையும் அதைத் தானே படிக்கட்டும்.