தோட்டத் தம்பதியரும் நம்பிக்கைப் பொறுப்பும்: ஒரு சட்ட வரலாற்றுக் குறிப்பு

அறக்கட்டளை என்றதும் தமிழர்க்குக் கோயிலும் பள்ளியும் நினைவுக்கு வருகின்றன. ஒருவர் பெயரில் இருப்பினும் மற்றொருவர் நலனுக்கெனக் காக்கப்படும் உடைமை என்பதே அதன் அடிப்படைச் சட்டப் பொருள். இத்தகைய நம்பிக்கைப் பொறுப்பு செல்வர்க்கு மட்டும் உரியதன்று. கெடாவின் கோலா கெத்தில் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவிய தம்பதியர்க்கும் உரியது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் உடைமை. ஆகவே தோட்டத் தம்பதியரின் சொத்து என்பது பெரும்பாலும் நகை, 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதி, காப்புறுதி ஆகியவையே. உயிலின்றி இறந்த முஸ்லிம் அல்லாதாரின் சொத்தை 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் பங்கிட்டது. மனைவி இறந்தால் முழுவதும் கணவனுக்கு. கணவன் இறந்தால், பிள்ளைகள் இருப்பின், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. 1997ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வேறுபாட்டை நீக்கியது. எனினும் இறந்தவரின் பெற்றோரும் பிள்ளைகளும் இருப்பின், துணைவர் பெறுவது இன்றும் கால் பங்கே.

இப்பங்கீட்டுக்கு வெளியே நிற்பது காப்புறுதிப் பணம். மனைவி மக்கள் நலனுக்கென எடுத்த காப்புறுதி நம்பிக்கைப் பொறுப்பாகும் என்றது 1882ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டம். இந்தியாவின் 1874ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விதி உண்டு. 1913 டிசம்பர் 31க்குப் பின் சென்னை மாகாண இந்துக்கள் எடுத்த காப்புறுதிகளுக்கும் அது பொருந்தும் என 1923இல் தெளிவாக்கப்பட்டது. மலாயாவில் 1956ஆம் ஆண்டுக் குடிமையியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு இதனை ஏற்றது. பின்னர் 1996ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டமும் 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைச் சட்டமும் இதனைத் தொடர்ந்தன. இவ்வாறு துணைவரை நியமித்தால் அப்பணம் இறந்தவரின் சொத்தில் சேராது. அவர்தம் கடனுக்கும் உட்படாது.

இங்கு ஒரு நிபந்தனை உண்டு. 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வழக்காற்று முறையில் நடந்த மணங்களைச் சட்டம் ஏற்றது. பின் நடந்தவற்றுக்குப் பதிவு இன்றியமையாதது. கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத பெண், சட்டத்தின்முன் மனைவி அல்லள். காப்புறுதியில் அவள் பெயர் இருப்பினும், பணத்தைப் பிறருக்குப் பகிரும் நிறைவேற்றுநராகவே பெறுவாள், பயனாளியாக அன்று. பகிர்வுச் சட்டத்திலும் அவளுக்குப் பங்கில்லை. அவளைக் காக்கக் கூடியவை, அவள் பெயரைக் குறித்த சேமநிதி நியமனம், உயில், தனியே எழுதப்பட்ட நம்பிக்கைப் பொறுப்பு ஆவணம் ஆகியவையே.

ஆகவே தோட்டப்புறப் பெண்களின் சொத்துரிமை வரலாற்றை ஆராய்வோர் நிலப் பட்டாக்களோடு நில்லாது, திருமணப் பதிவேட்டையும் நியமனப் படிவத்தையும் முதன்மைச் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும்.